ஃபில்லட் வெல்டின் அளவும் தரமும்: வாசகர் கேள்வி பதில்

பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையிலுள்ள பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களிலும் இரும்புப் பட்டறை நடத்துபவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள், அவர்களிடம் கேட், கிரில், படிக்கட்டு செய்துகொள்பவர்கள் எனப் பலரும் எழுதிய கடிதங்களிலிருந்து, ஃபில்லட் வெல்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தகடுகள் செங்குத்தாகச் சேரும் மூலையிலோ, ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்பிலோ, முக்கோண வடிவில் இடப்படும் வெல்டையே ஃபில்லட் என்கிறோம். விளிம்பைச் சாய்வாகச் சீவ வேண்டியதில்லை, பொருத்துவதும் எளிது என்பதால் அன்றாட இரும்பு வேலையில் பெரும்பகுதி இதைக் கொண்டே நடக்கிறது. எளிதான வேலை என்ற எண்ணத்தாலேயே இதன் தரத்தை யாரும் அதிகம் துருவிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள கவலை.

கேள்வி: ஐயா, நான் பிறையிலுள்ள ஒரு பட்டறையில் பயிற்சி பெற்று வருகிறேன். ஒரு வரைபடத்தில் வெல்டு அளவு ‘இசட் 6’ என்றும், வேறொன்றில் ‘ஏ 5’ என்றும் இருக்கிறது. இவற்றில் எது பெரியது? சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடு, பலம் கூடும் என்று பட்டறையில் மூத்தவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: தம்பி, ‘ஏ 5’ என்பதே பெரியது. ஃபில்லட்டை ஒரு முக்கோணமாக எண்ணிப் பாருங்கள். தகடுகளின் மேல் படிந்திருக்கும் இரண்டு பக்கங்களின் நீளம் கால் எனப்படும். இரண்டு தகடுகளும் சந்திக்கும் உள்மூலை வேர். வேரிலிருந்து வெல்டின் முகப்புக்கு உள்ள மிகக் குறுகிய தூரம் தொண்டை. சுமை ஏறும்போது வெல்டு அறுவது பெரும்பாலும் இந்தத் தொண்டையின் வழியாகத்தான் என்பதால், வெல்டின் பலத்தைத் தொண்டையை வைத்தே கணக்கிடுகிறார்கள். இரண்டு கால்களும் சமமாக இருந்தால் தொண்டை, காலில் ஏறக்குறைய 0.7 பங்கு. 6 மில்லிமீட்டர் காலுக்குத் தொண்டை 4.2 மில்லிமீட்டர்; 5 மில்லிமீட்டர் தொண்டை வேண்டுமானால் கால் 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 2553 தரத்தைப் பின்பற்றும் வரைபடங்களில் ‘ஏ’ என்ற எழுத்து தொண்டையையும் ‘இசட்’ என்ற எழுத்து காலையும் குறிக்கும். அமெரிக்க முறை வரைபடங்களில் எழுத்து எதுவுமின்றி எண் மட்டும் இருக்கும். அது கால் அளவு. பல நாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் நம் வட்டாரப் பட்டறைகளில் இருவகை வரைபடங்களும் ஒரே மேசைக்கு வந்து சேர்வதால், வேலையைத் தொடங்குமுன் வரைபடத்தின் ஓரத்தில் எந்தத் தரம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ‘ஏ 5’ என்பதைக் கால் 5 என்று எடுத்துக்கொண்டு வெல்டு செய்தால், தொண்டை 3.5 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். பலத்தில் 30 விழுக்காடு போய்விடும், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. விட்டுவிட்டு இடும் வெல்டுகளிலும் இதே ஆபத்து உண்டு: அமெரிக்க முறையில் இரண்டாவது எண் ஒரு வெல்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குள்ள தூரம், ஐஎஸ்ஓ முறையில் அடைப்புக்குள் இருக்கும் எண் இரண்டு வெல்டுகளுக்கு இடையே விடும் வெற்றிடம்.

அளக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. முகப்பு உள்வாங்கிக் குழிந்திருந்தால், கால் 6 இருந்தும் தொண்டை குறைந்திருக்கும். ஆகவே காலை மட்டும் அளக்கும் கேஜ் போதாது, தொண்டையை அளக்கும் கேஜும் வேண்டும். முகப்பு மேடாக உப்பியிருந்தாலோ, அந்த உப்பலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தரையில் வைத்து வெல்டு செய்யும்போது உருகிய உலோகம் கீழ்நோக்கிச் சரிவதால், மேல்கால் குட்டையாகவும் கீழ்க்கால் நீண்டும் அமைவதுண்டு. அங்கே சிறிய காலைத்தான் அளவாகக் கொள்ள வேண்டும்.

இனி உங்கள் மூத்தவர் சொன்னதற்கு வருகிறேன். காலை 6 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டராக்கினால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் முக்கோணத்தின் பரப்பு 18 சதுர மில்லிமீட்டரிலிருந்து 32 ஆகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 140 கிராம் உலோகம் போதுமான இடத்தில் 250 கிராம் செலவாகும். காலை இரட்டித்தால் உலோகம் நான்கு மடங்கு. ராடும் (உருக்கிச் சேர்க்கும் பூச்சுள்ள வெல்டிங் கம்பி) நேரமும் போவது ஒருபுறம் இருக்க, அவ்வளவு உலோகத்தை உருக்கும் வெப்பம் முழுவதும் தகடுக்குள் இறங்கி அதைக் கோணலாக்கிவிடும். பிறகு நிமிர்த்துவதற்கு ஒரு நாள் போகும். கூடுதல் பலம் தேவையென்றால் வெல்டின் நீளத்தைக் கூட்டுவதும், ஒரு பக்கத்துக்குப் பதில் இரு பக்கமும் இடுவதுமே சிக்கனமான வழி. அதையும் வடிவமைத்த பொறியாளரைக் கேட்டே செய்ய வேண்டும். சரியாக இட்ட சிறிய வெல்டு நாம் நினைப்பதைவிட வலுவானது. 7018 வகை ராடால் இட்ட 6 மில்லிமீட்டர் ஃபில்லட், 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு, பாதுகாப்பு விகிதத்தையும் உள்ளடக்கிய அமெரிக்க அனுமதிக் கணக்கின்படி ஏறக்குறைய 6 டன் சுமையைத் தாங்கும்.

எனினும் மூத்தவர் சொல்வது பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. தடித்த தகட்டில் மிகச் சிறிய வெல்டை இட்டால், தகடு வெப்பத்தை வேகமாக உறிஞ்சிக்கொள்வதால் வெல்டை ஒட்டிய பகுதி கடினமாகி விரிசல் விடக்கூடும். அதனால்தான் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல், 6 முதல் 12 மில்லிமீட்டர் வரையுள்ள தகட்டுக்கு 5 மில்லிமீட்டர், 12 முதல் 20 வரைக்கு 6, அதற்கு மேல் 8 எனக் குறைந்தபட்ச அளவை வகுத்திருக்கிறது. இன்னோர் இடம், தகடுகள் சரியாக ஒட்டாமல் இடைவெளி விழும் இடம். இடைவெளி 2 மில்லிமீட்டரைத் தாண்டினால், எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு காலைக் கூட்ட வேண்டும் என்கிறது அதே விதிநூல். இடைவெளி காலின் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதே காரணம். 5 மில்லிமீட்டரையும் தாண்டினால், பொதுவாக, பிரித்து மறுபடி பொருத்துவதே முறை. உலோகத்தை ஊற்றி அடைப்பது அல்ல.

கேள்வி: பட்டர்வொர்த்தில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். 10 மில்லிமீட்டர் தகடுகளைக் கொண்டு ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரப் பீடம் செய்து கொடுத்தோம். மிக் மெஷினில் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங் இயந்திரம்) செய்த வெல்டு, அலை அலையாகச் சீராக, பார்க்க மிக அழகாக இருந்தது. அவர்களுடைய ஆய்வாளர் மாதிரித் துண்டை அறுத்து, அமிலம் தடவிப் பார்த்துவிட்டு, வேரில் உருகிச் சேரவில்லை என்று மொத்த வேலையையும் திருப்பி அனுப்பிவிட்டார். வெளியே ஒரு குறையும் இல்லாதபோது இது நியாயமா?

பதில்: உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆய்வாளர் செய்தது நியாயம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. முகப்பின் அழகு, வெல்டரின் கை நிதானமாக நகர்ந்தது என்பதற்குச் சாட்சி. உள்ளே தகடும் வெல்டும் ஒன்றாக உருகிக் கலந்தனவா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சிறிய மிக் மெஷினில், மெல்லிய கம்பியும் குறைந்த வோல்டேஜும் வைத்து வேலை செய்யும்போது, கம்பியின் நுனி உருகிய உலோகக் குளத்தைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தொடுகையிலும் ஒரு துளி உலோகத்தை விட்டுச் செல்கிறது. வெப்பம் குறைவு என்பதால் மெல்லிய தகட்டை ஓட்டை விழாமல் இணைக்க இதைப் போன்ற முறை வேறில்லை. அதே அமைப்பை 10 மில்லிமீட்டர் தகட்டில் வைத்தால், தகடு வெப்பத்தை இழுத்துக்கொள்ள, உருகிய உலோகம் குளிர்ந்த தகட்டின் மேல் படிந்து உறைந்துவிடுகிறது. டி1.1 விதிநூல் இந்தத் தொட்டு விடும் முறையை, சோதனையின்றி ஏற்கத்தக்க முறைகளின் பட்டியலில் சேர்க்கவே இல்லை. தனியே சோதித்து நிரூபித்த பிறகே பயன்படுத்தலாம்.

கரண்ட் குறைவு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்ல நகர்ந்தால் நன்றாக உருகும் என்று பலர் நம்புகிறார்கள். அளவுக்கு மீறி மெல்ல நகர்ந்தால், உருகிய குளம், கம்பி நுனியில் எரியும் மின்பொறியான ஆர்க்கை முந்திக்கொண்டு ஓடி வேரை மூடிவிடும். ஆர்க் தகட்டில் எரியாமல் குளத்தின் மேலேயே எரியும். கம்பி வெளிவரும் கைப்பிடியான டார்ச்சை இரு தகடுகளுக்கும் நடுவே 45 பாகையில் பிடித்து, ஆர்க்கைக் குளத்தின் முன்விளிம்பில் வைத்திருக்க வேண்டும். தகட்டின் மேலுள்ள கருநிறச் செதிலையும் துருவையும் பெயிண்டையும் கிரைண்டரால் அகற்றாமல் தொடங்குவது அடுத்த பிழை. மேலிருந்து கீழாக வெல்டு செய்வது வேகமான வழி. தடித்த தகட்டில் வேர் சேராமல் போவதற்கும் அதுவே பெரிய காரணம்.

உங்கள் பட்டறையிலேயே, எந்த ஆய்வுக் கருவியும் இல்லாமல், இதைச் சோதிக்கலாம். வேலைக்குரிய தடிமனில் இரண்டு துண்டுகளை எடுத்து, ஒன்றை மற்றொன்றின் மேல் நிமிர்த்தி, ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெல்டு செய்யுங்கள். வேலையில் வைக்கப்போகும் அதே கரண்ட், அதே நிலை இருக்க வேண்டும். ஆறிய பிறகு, வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து வெல்டு இருக்கும் பக்கத்தை நோக்கி நிமிர்ந்த தகட்டைச் சம்மட்டியாலோ பிரஸ்ஸாலோ மடக்குங்கள். புத்தகத்தைத் திறப்பதுபோல் வேர் விரியும். உடைந்து பிரிந்தால், பிரிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உருகிச் சேர்ந்த இடம் சொரசொரப்பாக, ஒரே நிறத்தில் கிழிந்திருக்கும். சேராத இடத்தில் தகட்டின் பழைய விளிம்பு, வெட்டிய கோடுகள்கூட அழியாமல், நேர்க்கோடாக அப்படியே நிற்கும். உடையாமல் முழுவதும் மடங்கிவிட்டால் மகிழ்ச்சி. ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்த தகட்டை வேர் விரியும் திசையில் வளைக்கும் சுமை எவ்வளவு கேடானது என்பதும் இந்தச் சோதனையிலேயே விளங்கும். வேலையில் அத்தகைய சுமை வரும் இடங்களில் இரு பக்கமும் வெல்டு வேண்டும்.

ஆய்வாளர் செய்த சோதனையையும் நீங்கள் செய்யலாம். வெல்டைக் குறுக்கே அறுத்து, அரத்தாலும் பிறகு நுண்ணிய எமரித் தாளாலும் தேய்த்து, ஆல்கஹாலில் 5 விழுக்காடு அளவுக்கு நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலைத் தடவினால், வெல்டின் எல்லை தனி நிறத்தில் எழும்பி வரும். அந்தக் கரைசலை ஆய்வுக்கூடப் பொருள் விற்பவரிடம் ஆயத்தமாக வாங்குவதே நல்லது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள்.

இவ்வளவையும் நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சாயம் ஊற்றியோ காந்தத் தூள் தூவியோ பார்க்கும் சோதனைகள் மேற்பரப்பில் திறந்திருக்கும் குறையையும், மேற்பரப்பை ஒட்டிய குறையையும்தான் காட்டும். எக்ஸ்ரேயும் மீயொலியும் நேர் இணைப்புகளில் நன்றாகப் பயன்படுகின்றன, ஆனால் ஃபில்லட்டின் வடிவத்தில் அவற்றைக் கொண்டு வேரைத் தெளிவாகப் பார்ப்பது கடினம். வெல்டு முடிந்த பிறகு தரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாத இணைப்பு இது. பொருத்தும்போதும், மெஷினை அமைக்கும்போதும், முதல் துண்டை உடைத்துப் பார்க்கும்போதுமே அதன் தரம் முடிவாகிவிடுகிறது. தடிமனோ நிலையோ கம்பியோ மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாயான் லெப்பாஸில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வெல்டின் ஓரத்தில் விழும் அண்டர்கட் எனப்படும் பள்ளத்தை எதுவரை ஏற்கலாம்? கண்ணால் பார்த்துச் சோதிப்பதற்கு ஒழுங்கான வரிசை ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஏற்பது எதுவரை என்பதை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விதிநூலே முடிவு செய்யும், ஆய்வாளர் தம் மனத்தில் ஓர் அளவை வைத்துக்கொள்ளக் கூடாது. டி1.1 விதிப்படி, 25 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டில் பள்ளம் 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; எந்த 300 மில்லிமீட்டர் நீளத்திலும் மொத்தம் 50 மில்லிமீட்டர் வரை மட்டும் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இடம் தருகிறது. சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் முக்கிய உறுப்பில், இழுவிசைக்குக் குறுக்காக அமைந்த வெல்டுக்கு அதே விதிநூல் 0.25 மில்லிமீட்டரோடு நிறுத்திவிடுகிறது. ஐஎஸ்ஓ 5817 தரத்தில் பி, சி, டி என மூன்று படிகள் உண்டு. அவற்றில் பி மிகக் கண்டிப்பானது, அதில் பள்ளம் எவ்வளவு தடித்த தகடானாலும் 0.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விரிசலுக்கு மட்டும் இவ்விரண்டிலும் சலுகை இல்லை.

வரிசையைக் கேட்டிருக்கிறீர்கள். வெல்டின் மேல் படிந்த கசடையும் சுற்றிலும் தெறித்த உலோகத் துளிகளையும் முழுவதும் அகற்றாமல் பார்க்கத் தொடங்காதீர்கள். முதலில் வெல்டு இருக்க வேண்டிய எல்லா இடத்திலும் இருக்கிறதா, நீளம் சரியா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட வெல்டு நாம் நினைப்பதைவிட அதிகம் நிகழும் பிழை. அடுத்து அளவு. அதன்பின் இரு ஓரங்கள்: டார்ச் விளக்கைத் தகட்டோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடித்தால், பள்ளம் இருக்கும் இடத்தில் மெல்லிய நிழல் விழும், மேலிருந்து ஒளி பாய்ச்சினால் அது தெரியாது. கீழ் ஓரத்தில் உலோகம் உருகிச் சேராமல் தகட்டின் மேல் வழிந்து கிடக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கடைசியாக, வெல்டு நிற்கும் முனைகளைப் பாருங்கள். ராடைச் சட்டென்று தூக்கியதால் குழியாக நின்றுவிட்ட முனையின் நடுவில் நட்சத்திர வடிவில் விரிசல் ஒளிந்திருக்கும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் இடமும் அதுவே.

கேள்வி: மழைக்காலத்தில் 7018 ராடு ஈரப்பட்டுவிடுகிறது. வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. 7018 ராடின் பூச்சு ஹைட்ரஜனைக் குறைக்கவென்றே செய்யப்பட்டது. பூச்சில் ஏறிய ஈரம் ஆர்க்கின் வெப்பத்தில் பிரிந்து, ஹைட்ரஜனாக வெல்டுக்குள் புகுந்து, பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, வெல்டின் ஓரத்தில் விரிசலை உண்டாக்கும். வெயிலோ, மெஷினில் ஒட்டவைத்துச் சூடாக்குவதோ அந்த ஈரத்தை வெளியேற்றாது. பெட்டியைத் திறந்ததும் ராடுகளை 120 பாகை செல்சியஸுக்குக் குறையாத அடுப்பில் வைத்திருக்க வேண்டும். 7018-இல் சாதாரண வகையை வெளியே எடுத்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் 260 பாகைக்கு மேல், 2 மணி நேரமாவது சுட வேண்டும். சரியான அளவு தயாரிப்பாளரின் பெட்டியில் இருக்கும். தண்ணீரில் நனைந்ததைத் தூக்கி எறிந்துவிடுங்கள். 6013 என்ற வேறு வகை ராடுக்கு இந்த அடுப்பு முறை பொருந்தாது. அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை.

கேள்வி: வணக்கம். ஆயர் ஈத்தாமில் தரைவீடு ஒன்றில் வசிக்கிறோம். பின்பக்கத்தில் மாடிக்கு இரும்புப் படிக்கட்டு அமைத்தோம். குத்தகையாளர் எல்லா வெல்டையும் கிரைண்டரால் தேய்த்து, புட்டி வைத்து, பெயிண்ட் அடித்து மிக நேர்த்தியாகக் கொடுத்தார். தேய்த்தால் பலம் போய்விடும் என்று மகன் சொல்கிறான். நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரண்டு தகடுகள் ஒரே தளத்தில் முட்டிச் சேரும் வெல்டில், மேலே புடைத்திருப்பதை மட்டும் தேய்ப்பதால் நட்டமில்லை. ஃபில்லட்டில் புடைத்திருப்பதாகத் தோன்றும் அந்த முக்கோணமேதான் வெல்டு. 3 மில்லிமீட்டர் காலுள்ள வெல்டின் தொண்டை 2.1 மில்லிமீட்டர்தான், அழகுக்காக அதில் 1 மில்லிமீட்டரைத் தேய்த்தெடுத்தால் ஏறக்குறைய பாதி பலம் போய்விடுகிறது. புட்டியும் பெயிண்டும் அதற்கு மேல் வந்தபின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லா வெல்டும் ஒரே அளவு முக்கியம் அல்ல. கைப்பிடிக்கு மேலுள்ள அலங்கார வளைவுகள், சட்டத்தின் வெளிமூலைகள் ஆகியவற்றைத் தேய்த்திருந்தால் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு படியையும் பக்கவாட்டுச் சட்டத்தோடு சேர்க்கும் இடம், கைப்பிடித் தூணின் அடித்தகடு, படிக்கட்டின் மேல்முனை வீட்டுச் சுவரோடு பிணையும் தகடு ஆகியவையே உயிர்நாடி. படிக்குக் கீழே போய் நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். படியின் அடிப்பக்கத்தில் வெல்டு நெடுகத் தொடர்கிறதா, அல்லது பொருத்துவதற்காக வைத்த பொட்டுகளோடு நின்றுவிட்டதா என்பது அங்கே தெரியும், ஏனென்றால் அடிப்பக்கத்தை யாரும் தேய்த்து மினுக்குவதில்லை. பெயிண்டில் வெல்டை ஒட்டியே மயிரிழைபோல் ஒரு கோடு ஓடினாலோ, அங்கிருந்து துருநீர் வழிந்த தடம் இருந்தாலோ, அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி ஒரு நல்ல வெல்டரிடம் காட்டுங்கள். கைப்பிடித் தூணைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளும்போது அடித்தகட்டருகே அசைவு தெரிந்தால், சரிசெய்யும்வரை அந்தப் படிக்கட்டைப் பயன்படுத்த வேண்டாம்.

பினாங்கின் கடற்காற்றும் மழையும் இதில் சேர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்து மறுபக்கத்தை அப்படியே விட்டால், அந்த மெல்லிய சந்தில் மழைநீர் தங்கி, பெயிண்ட் எட்டாத இடத்தில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். திறந்தவெளி வேலையில் சுற்றிலும் வெல்டு இட்டு அடைத்துவிடுவதே நல்லது. இனிமேல் கேட்டோ கூரையோ செய்யும்போது, புட்டி வைப்பதற்கு முன் வீட்டுக்காரர் வந்து பார்க்க வேண்டும் என்று விலைக் குறிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். வெல்டின் மேல் நம்பிக்கையுள்ள குத்தகையாளர் இதை மறுக்கமாட்டார்.

கேள்வி: துத்தநாகம் பூசிய குழாயை வெல்டு செய்தால் வெல்டெல்லாம் துளை துளையாக வருகிறது. புகையால் காய்ச்சலும் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதோ 1,500 பாகையை ஒட்டி. ஆவியாகும் துத்தநாகம் உருகிய உலோகத்துக்குள் சிக்கித் துளையாக நிற்கிறது, வெளியேறியது வெண்புகையாக உங்கள் நுரையீரலுக்குள் போகிறது. வெல்டு விழும் இடத்தின் இரு பக்கமும் 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை பூச்சைத் தேய்த்து அகற்றுங்கள். காற்றோட்டமும் உலோகப் புகைக்குரிய முகக்கவசமும் அவசியம். மூச்சில் போன புகையைப் பால் தடுக்காது. காய்ச்சலோடு மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் பொறியியல் படிக்கிறேன். சுமை தாங்கும் வெல்டுகளுக்கு இவ்வளவு சோதனை சரி. ஒரு கேபிளையோ சிறு கருவியையோ மாட்டுவதற்காக வைக்கும் சிறிய தகட்டின் வெல்டுக்கும் இதே கவனம் தேவையா?

பதில்: தேவை. இதற்கு விடையாக, வட கடலில் நார்வேயின் கடல் எல்லைக்குள் உள்ள எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 1980 மார்ச் 27 அன்று நடந்ததைச் சொல்கிறேன். பணியாளர்கள் தங்குவதற்காகப் பயன்பட்ட அலெக்சாண்டர் கீலண்ட் என்ற ஐந்து கால் மிதவை மேடை, அன்று மாலைப் புயலில் ஒரு காலை இழந்து, அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

விசாரணை சென்று சேர்ந்த இடம் ஒரு சிறிய ஃபில்லட் வெல்டு. கால்களைப் பிணைக்கும் குறுக்குக் குழாய்களில் ஒன்றில், நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவியை வைப்பதற்காக ஒரு துளையிட்டு, அதில் ஒரு சிறு தாங்கியைப் பொருத்தி, 6 மில்லிமீட்டர் ஃபில்லட்டால் சுற்றிலும் வெல்டு செய்திருந்தார்கள். அந்தத் தாங்கி மேடையின் சுமை எதையும் தாங்கவில்லை. ஆனால் அதை ஏந்தியிருந்த குழாய் சுமை தாங்கியது. குழாய் இழுபடும்போதெல்லாம் அதோடு ஒட்டியிருந்த வெல்டும் இழுபட்டது. உருவம் சரியில்லாத அந்த வெல்டில் தொடங்கிய விரிசல், அலைகள் மோத மோதக் குழாயைச் சுற்றி வளர்ந்து, ஒருநாள் குழாயையே அறுத்துவிட்டது. உடைந்த முகத்தை ஆராய்ந்தவர்கள் விரிசலின் உள்ளே பெயிண்டின் தடத்தைக் கண்டார்கள். அப்படியானால், மேடை கட்டுந்தளத்தை விட்டுப் புறப்படும் முன்பே, பெயிண்ட் அடித்த நாளிலேயே, விரிசல் அங்கே இருந்திருக்கிறது.

நீங்கள் வடிவமைக்கும்போது, ஒரு துணைத் தகடு என்ன சுமை தாங்குகிறது என்பதோடு, அது எந்த உறுப்பின் மேல் ஒட்டப்படுகிறது என்றும் கேளுங்கள். சுமை ஏறி இறங்கும் உறுப்பானால், முடிந்தவரை கவ்வியைக் கொண்டு மாட்டுங்கள். வெல்டு தவிர்க்க முடியாததானால், இழுவிசை குறைந்த இடத்துக்கு அதை நகர்த்தி, முக்கிய வெல்டுக்குரிய அதே முறையையும் அதே சோதனையையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். தூக்குவதற்காகத் தற்காலிகமாக வைக்கும் கொக்கித் தகடுகளுக்கும் இது பொருந்தும். அவற்றைச் சம்மட்டியால் அடித்துப் பெயர்த்தால் அடித்தகடும் சேர்ந்து கிழியும். ஆகவே 3 மில்லிமீட்டர் அளவுக்கு மிச்சம் வைத்து வெட்டி, எஞ்சியதைக் கிரைண்டரால் சமன் செய்து, அந்த இடத்தில் சாயச் சோதனை முடிந்த பிறகே பெயிண்ட் அடிக்க அனுமதி கொடுங்கள்.